உணர்ச்சி, மன அழுத்தக் கோட்பாடுகள்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழித்தடம்

உளவியல் பாடத்தில் உணர்ச்சி, மன அழுத்தம் என்ற பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை இரண்டு மாதம் உட்கார்ந்து பெயர், ஆண்டு, வரையறை என்று மனப்பாடம் செய்தேன். தேர்வில் ஒரே ஒரு கேள்வி என்னைக் கவிழ்த்தது. இருட்டில் தன் பின்னால் யாரோ வருவதுபோலத் தோன்றும் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்பதை மூன்று கோட்பாடுகளின்படி விளக்கச் சொன்னார்கள். மூன்றின் வரையறையும் எனக்குத் தெரியும், ஆனால் அந்த ஆளின் உடம்பில் எது முதலில் வருகிறது, எது பிறகு வருகிறது என்று ஒரு வரிகூட எழுத வரவில்லை.

இரண்டாவது முறை வேறு வழியில் போனேன். எட்டு வாரம் ஆனது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட முழுதாகப் படிக்கவில்லை, ஆனால் இன்றுவரை மறக்கவில்லை. கல்லூரியில் இந்தப் பாடத்தை எடுத்தவர்கள், தொலைநிலையில் படிப்பவர்கள், சமூகப் பணியிலோ செவிலியத்திலோ இதை ஒரு தாளாகப் படிக்க வேண்டியவர்கள், சும்மா ஆர்வத்தில் வருபவர்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு பேப்பர், பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சொற்களைப் பிரித்து வையுங்கள்

தமிழில் யோசிப்பவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை இங்கேதான் வருகிறது. 'மன அழுத்தம்' என்ற சொல்லைச் செய்திகளில் ஸ்ட்ரெஸ் என்ற பொருளிலும் எழுதுகிறார்கள், டிப்ரெஷன் என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்று ஒதுக்கி வைத்துவிடுங்கள், அது ஒரு நோய்நிலை. இங்கே நாம் படிப்பது ஸ்ட்ரெஸ். இதோடு பேச்சுவழக்கில் 'பிரஷர்' என்று ரத்த அழுத்தத்தையும் வேலை நெருக்கடியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், அதையும் தனியே வையுங்கள்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இன்னொரு பொறி இருக்கிறது. வெளியிலிருந்து வந்து அழுத்துவதற்கும் அந்தப் பெயர், அதனால் உடம்பில் நடப்பதற்கும் அதே பெயர். என் குறிப்பேட்டில் முன்னதற்கு 'அழுத்தக் காரணி' என்றும் பின்னதற்கு 'அழுத்த எதிர்வினை' என்றும் எழுத ஆரம்பித்த பிறகுதான் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு முறை இந்தச் சொல் வரும்போதும் பென்சிலால் 'கா' அல்லது 'எ' என்று ஓரத்தில் குறியுங்கள். முதல் வாரம் முழுக்க இதை மட்டும் செய்தாலும் வீணில்லை.

உணர்ச்சி, மனநிலை இரண்டையும் அப்படியே பிரியுங்கள். உணர்ச்சி என்பது ஏதோ ஒன்றைப் பற்றி வருவது, சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்குவது. மனநிலை நாள்கணக்கில் நீடிக்கலாம், எதனால் என்று சொல்ல முடியாமலும் இருக்கலாம்.

2. உங்களுடைய இரண்டு நிகழ்வுகளைத் தாளில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒரு சட்டென்ற நிகழ்வும் ஒரு நீண்ட நிகழ்வும் வேண்டும். இரண்டும் உங்களுக்கே நடந்ததாக இருக்கட்டும்.

என்னுடைய சட்டென்ற நிகழ்வு இது. இருட்டில் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் படி முடிந்துவிட்டது, அடுத்தது தரை என்று நினைத்துக் காலை வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. கால் வெறும் காற்றுக்குள் போனது. அடிவயிறு சட்டென்று கீழே இறங்கியது, மூச்சு நின்றது, கை தானாகவே சுவரைத் தேடிப் பிடித்தது. பாதம் தரையில் மோதிய பிறகுதான் இதயம் அடிப்பது காதுக்குள் கேட்டது. 'விழுந்திருப்பேனே' என்ற எண்ணம் அதற்கும் பிறகுதான் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் உள்ளங்கை ஈரமாக இருந்தது, முழங்காலில் லேசான நடுக்கம் இருந்தது.

தாளில் நெடுக்காகக் கோடு போட்டு, இதை ஐந்து பத்திகளாகப் பிரித்து எழுதினேன்: நேரம், உடம்பில் நடந்தது, மனதில் ஓடியது, நான் செய்தது, அதற்கு நான் கொடுத்த பெயர். அந்தக் கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். 'பயந்துபோனேன்' என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். கோட்பாடுகள் தங்களுக்குள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்தப் பத்தி எங்கே வர வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

நீண்ட நிகழ்வுக்கு, ஒரு முக்கியமான முடிவுக்காக மூன்று வாரம் காத்திருந்த நாள்களை எடுத்துக்கொண்டேன். தூக்கம், பசி, எரிச்சல், வேலையில் கவனம் என்று நாள்வாரியாக நினைவுக்கு வந்ததை எழுதினேன்.

இன்னும் ஆறாத துக்கத்தையோ பெரிய அதிர்ச்சியையோ இதற்கு எடுக்காதீர்கள், தயவுசெய்து. படிப்புக்காக அதைக் கிளறுவது தேவையில்லாத வேதனை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருந்தால் இந்தத் தாளை மூடிவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். பாடம் காத்திருக்கும்.

3. எல்லாக் கோட்பாடுகளையும் அதே படிக்கட்டில் இறக்குங்கள்

இப்போது ஒவ்வொரு கோட்பாட்டையும் எடுத்து, உங்கள் தாளில் இருக்கும் பத்திகளை அது எந்த வரிசையில் அடுக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

வில்லியம் ஜேம்ஸ் (1884), அவரைத் தொடர்ந்து டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கார்ல் லாங்கே (1885): உடம்பு முதலில் மாறுகிறது, அந்த மாற்றத்தை நாம் உணர்வதுதான் உணர்ச்சி. படிக்கட்டில் இது அழகாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அடிவயிறு இறங்கியதும் கை சுவரைப் பிடித்ததும் பயம் என்ற பெயருக்கு முன்பே நடந்துவிட்டன. தமிழ் பேசும் நமக்கு இது புதிதாகவும் தோன்றாது. வயிற்றைக் கலக்குகிறது, தொண்டையை அடைக்கிறது, ரத்தம் கொதிக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது என்று உணர்ச்சியை உடம்பால்தான் சொல்கிறோம். பழைய இலக்கணத்தில் இதற்குப் பெயரே மெய்ப்பாடு, மெய் என்றால் உடம்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'உடல் மாற்றம் உணர்ச்சியை உண்டாக்குகிறது' என்று எழுதினால் பாதிதான் சரி. மாற்றம் நடக்கும்போதே அதை உணர்வது, அந்த உணர்தலேதான் உணர்ச்சி என்பது ஜேம்ஸின் வாதம். என் முதல் தேர்வில் இந்த நுணுக்கத்தில் மதிப்பெண் போனது.

வால்ட்டர் கேனன் 1927இல் இதை எதிர்த்தார். அவருடைய ஐந்து ஆட்சேபங்களையும் எண் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் உடம்பில் சோதித்துப் பாருங்கள். உள்ளுறுப்புகள் மெதுவாக மாறுபவை, உணர்ச்சியோ அதற்குள் வந்துவிடுகிறது என்றார். ஒரே மாதிரியான மாற்றம் பயத்திலும் வருகிறது, கோபத்திலும் வருகிறது, காய்ச்சலிலும் வருகிறது என்றார். உள்ளுறுப்புகளுக்கு உணர்திறன் குறைவு என்றார். மூளையோடு அவற்றின் தொடர்பைத் துண்டித்த விலங்குகளும் சினம் காட்டின என்றார். அட்ரினலின் என்ற ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் படபடப்பு வருகிறது, உண்மையான பயம் வருவதில்லை என்றார். அவரும் ஃபிலிப் பார்டும் சொன்ன மாற்று வழி, மூளையின் நடுப்பகுதியிலிருந்து உடம்புக்கும் மேல்மூளைக்கும் செய்தி ஒரே நேரத்தில் பிரிகிறது என்பது. உங்கள் தாளில் 'உடம்பில்', 'மனதில்' என்ற இரண்டு பத்திகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் (1962): உடம்பின் கிளர்ச்சி தேவை, ஆனால் அது எல்லா உணர்ச்சிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்கு என்ன பெயர் என்பதைச் சூழலைப் பார்த்து நாம் முடிவு செய்கிறோம். அவர்களுடைய சோதனையில் மாணவர்களுக்கு வைட்டமின் என்று சொல்லி அட்ரினலின் போட்டார்கள். சிலருக்குப் படபடப்பு வரும் என்று உண்மையைச் சொன்னார்கள், சிலருக்கு ஒன்றும் சொல்லவில்லை, சிலருக்குத் தவறான விளைவுகளைச் சொன்னார்கள். பிறகு பக்கத்து ஆள் ஒருவர் குதூகலமாகவோ எரிச்சலாகவோ நடிப்பார். தன் படபடப்புக்குக் காரணம் தெரியாதவர்கள் அந்த ஆளின் மனநிலையை அதிகமாகத் தொற்றிக்கொண்டார்கள் என்பது முடிவு. இந்தச் சோதனையை எழுதும்போது செய்ய வேண்டிய எச்சரிக்கையை ஒன்பதாம் படியில் சொல்கிறேன். என் படிக்கட்டில், நாற்காலியில் உட்கார்ந்து 'பயந்துபோனேன்' என்று சொன்னேனே, அந்தக் கணம் இவர்களுடையது.

ரிச்சர்ட் லசாரஸ்: மதிப்பீடு இல்லாமல் உணர்ச்சி இல்லை. இது எனக்கு ஆபத்தா, என்னால் சமாளிக்க முடியுமா என்ற கணிப்புதான் முதலில் வருகிறது, அது நாம் அறிந்தே நடக்க வேண்டும் என்பதில்லை. ராபர்ட் ஸையன்ஸ் (Zajonc) 1980இல் இதற்கு நேரெதிராக, பிடித்தது பிடிக்காதது என்ற உணர்வு சிந்தனைக்கு முன்பே வந்துவிடும் என்றார். இருவருக்கும் நடந்த வாதத்தைப் படித்தால் ஒன்று புரியும். சண்டையில் பாதி, 'சிந்தனை' என்ற சொல்லுக்குள் எதைச் சேர்ப்பது என்பதைப் பற்றியது. நாம் அறியாமலே நடக்கும் வேகமான கணிப்பையும் சிந்தனை என்று கணக்கிட்டால் லசாரஸ் பக்கம், கணக்கிடாவிட்டால் ஸையன்ஸ் பக்கம். விடைத்தாளில் இந்த ஒரு வாக்கியத்தை எழுதினாலே திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

4. 'மூளையில் எந்த இடம்?' என்ற கேள்வியில் சிக்கிக்கொள்ளாதீர்கள்

மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிதான் பயத்தின் மையம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஜோசஃப் லெடூ எலிகளில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த படம் இது: புலன்களின் செய்தி வந்து சேரும் தாலமஸிலிருந்து அமிக்டலாவுக்கு நேராக ஒரு குறுக்குவழி, மேல்மூளைப் புறணி வழியாக ஒரு சுற்றுவழி. குறுக்குவழி வேகமானது, விவரம் குறைந்தது. படம் உபயோகமானதுதான், வரைந்து வையுங்கள்.

ஆனால் லெடூவே பிற்காலத்தில், அந்தச் சுற்று அச்சுறுத்தலைக் கண்டுபிடித்து உடம்பைத் தயார்ப்படுத்தும் சுற்று, 'பயம்' என்ற உணர்வே அது என்று சொல்லாதீர்கள் என்று திருத்திக்கொண்டார். 2013இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. இரண்டு பக்க அமிக்டலாவும் சேதமடைந்த மூவரை 35 சதவீதக் கரியமில வாயுவை ஒருமுறை மூச்சிழுக்க வைத்தபோது மூவருமே பீதியில் துடித்தார்கள். ஆகவே 'அமிக்டலா இல்லையென்றால் பயம் இல்லை' என்று எழுதாதீர்கள்.

பால் எக்மனின் அடிப்படை உணர்ச்சிகளையும் (கோபம், அருவருப்பு, பயம், மகிழ்ச்சி, சோகம், வியப்பு) லிசா ஃபெல்ட்மன் பேரட்டின் கட்டமைப்புக் கோட்பாட்டையும் எதிரெதிராக வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் பிறப்பிலேயே ஒரு தனி அச்சு உண்டு என்பது ஒரு பக்கம். உடம்பின் நிலையையும் நாம் கற்ற கருத்துகளையும் வைத்து மூளை அந்தந்த நேரத்தில் உணர்ச்சியைக் கட்டுகிறது என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது பக்கம்தான் நியாயமாகப் படுகிறது, முக்கியமாக 2018இல் வந்த பெரிய தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகக் கணக்கிடுவது) ஒவ்வொரு உணர்ச்சிக்கும் மாறாத உடல் கைரேகை எதுவும் தேறவில்லை என்று பார்த்த பிறகு. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் காரணத்தோடு நில்லுங்கள்.

5. அழுத்தத்தின் இரண்டு பாதைகளைக் கடிகாரத்தோடு வரையுங்கள்

உயிரியல் பகுதியைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். தேவையே இல்லை, இரண்டு பாதைகள்தான்.

முதல் பாதை நொடிகளில் ஓடுவது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதாலமஸ், உடம்பை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி. அங்கிருந்து அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கண்பாவை விரிகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது, வியர்க்கிறது. கேனன் 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்று விவரித்தது இதைத்தான். ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களிலேயே குறைந்துவிடும்.

இரண்டாவது பாதை நிமிடங்களில் ஓடுவது. ஹைப்போதாலமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனை விடுகிறது, அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியைத் தூண்டி ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனை விடச் செய்கிறது, அது ரத்தத்தில் போய் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியைத் தட்டிக் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை வரவழைக்கிறது. கார்ட்டிசால் திரும்ப மூளைக்கு வந்து 'போதும்' என்று சொல்லி இந்தச் சங்கிலியை நிறுத்துகிறது. அந்த நிறுத்தும் அம்புக்குறியை வரைய மறந்துவிடாதீர்கள், நாள்பட்ட அழுத்தத்தின் கதையில் பெரும்பகுதி அந்த அம்பு வலுவிழப்பதில் இருக்கிறது. அழுத்தக் காரணி தொடங்கிச் சுமார் 20 முதல் 40 நிமிடத்தில்தான் உமிழ்நீரில் கார்ட்டிசால் உச்சத்தைத் தொடும்.

இப்போது என் படிக்கட்டுத் தாளைப் பாருங்கள். சுவரைப் பிடித்தது நரம்பின் வேலை, ஈரமான உள்ளங்கையும் நடுக்கமும் முதல் பாதை. இரண்டாவது பாதை வேகமெடுத்து உச்சத்துக்குப் போவதற்குள் நான் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். காத்திருந்த மூன்று வாரம்தான் இரண்டாவது பாதையின் களம்.

6. அழுத்தக் கோட்பாடுகளை ஒரே கேள்வியால் கோர்த்துவிடுங்கள்

அந்தக் கேள்வி: அழுத்தம் இருப்பது காரணியிலா, உடம்பிலா, ஆள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலா?

ஹான்ஸ் செல்யே 1936இல் உடம்பு என்றார். எலிகளுக்கு எந்த வகையான தொல்லை கொடுத்தாலும் அட்ரினல் பெருத்தது, நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. எச்சரிக்கை, எதிர்ப்பு, ஓய்ந்துபோதல் என்று மூன்று கட்டம். இதைப் பத்து வரியில் முடித்துவிடுங்கள், அதிகம் வேண்டாம்.

ஹோம்ஸும் ராஹேயும் 1967இல் காரணி என்றார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50 என்று 43 நிகழ்வுகளுக்குப் புள்ளி கொடுத்தார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே மூட்டையில் கிடப்பதுதான் இதன் பலவீனம்.

லசாரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல், ஆளுக்கும் சூழலுக்கும் இடையே நடப்பது என்றார்கள். இதில் என்ன பணயம் என்பது முதல்நிலை மதிப்பீடு, என் கையில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம்நிலை மதிப்பீடு. 'இரண்டாம்நிலை' என்றதும் பிறகு வருவது, முக்கியம் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் பின்னிப்பிணைந்து ஓடுபவை. சமாளிப்பதையும் இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையை மாற்றப் பார்ப்பது, பிரச்சினையால் வரும் உணர்ச்சியைப் பார்த்துக்கொள்வது. நான் காத்திருந்த மூன்று வாரத்தில் முடிவு என் கையில் இல்லை, அப்போது தினமும் விசாரித்துக்கொண்டே இருந்தது முதல் வகையை இரண்டாம் வகை வேண்டிய இடத்தில் போட்டது. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜே வைஸின் எலிச் சோதனையைப் படியுங்கள். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி, ஒன்றால் மட்டும் சக்கரத்தைத் திருப்பி அதை நிறுத்த முடியும். அதற்கு இரைப்பைப் புண் குறைவாக வந்தது. மனிதரில் இதற்கு ஈடு 2004இல் டிக்கர்சனும் கெமனியும் 208 ஆய்வக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள், நம்மால் எதையும் கட்டுப்படுத்தவும் முடியவில்லை என்ற இரண்டும் சேரும்போதுதான் கார்ட்டிசால் மிக அதிகமாக ஏறியது, இறங்கவும் நேரமானது. நேர்முகத் தேர்வுக்கு முன் வயிறு பிசைவது ஏன் என்று இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியாக ப்ரூஸ் மெக்யூவனின் 'அலோஸ்டேட்டிக் சுமை'. உடம்பு தன்னை மாற்றி மாற்றிச் சமாளிப்பதற்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அடி விழுவது, ஒரே அடிக்குப் பழகிக்கொள்ள முடியாதது, எதிர்வினை நிற்காமல் ஓடுவது, போதுமான எதிர்வினையே வராதது என்று நான்கு வழிகளில் அந்தச் சுமை சேரும். செல்யேயின் மூன்றாவது கட்டம் 'எல்லாம் தீர்ந்துபோய் ஓய்வது' என்றால், இங்கே பிரச்சினை தீர்ந்துபோவதில் இல்லை, அணையாமல் எரிவதில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை எழுதத் தெரிந்தால் போதும்.

7. ஆவணங்களை முதல் வாரத்திலேயே தயார் செய்யுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் நிகழ்வுத் தாள் இரண்டு, இரண்டு பாதைகளின் படம் ஒரு பக்கம், கோட்பாடுகளின் வரிசை ஒரு பக்கம், மூலக் கட்டுரைகள் நான்கு (ஜேம்ஸ், கேனன், ஷாக்டர்-சிங்கர், செல்யே). செல்யேயின் 1936 கட்டுரை மிகச் சின்னது, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ஜேம்ஸ் எழுதுவது பேசுவதுபோல இருக்கும், பயப்படாதீர்கள்.

செய்முறையோ சிறு ஆய்வோ இருந்தால் அளவுகோல் தேவைப்படும். கோஹனும் மற்றவர்களும் 1983இல் வெளியிட்ட உணரப்பட்ட அழுத்த அளவுகோலின் 10 கேள்வி வடிவம் வசதியானது, கல்விப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி வேண்டாம். கடந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் கேட்கும், மொத்தம் 0 முதல் 40 வரை. இதில் நான் விழுந்த குழி: 4, 5, 7, 8 ஆகிய கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும். முப்பது பேரின் தாள்களைக் கூட்டி முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன், எல்லாவற்றையும் மறுபடியும் போட வேண்டியதாயிற்று. இன்னொன்று, இது நோயறியும் கருவி கிடையாது. 'இத்தனைக்கு மேல் போனால் நோய்' என்று யாருடைய தாளிலும் எழுதாதீர்கள்.

உங்களைத் தவிர வேறு யாரிடம் கேள்வித்தாளைக் கொடுப்பதானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் ஒப்புதல் படிவம், யாராவது மனம் கலங்கினால் எங்கே அனுப்புவீர்கள் என்ற குறிப்பு மூன்றும் வேண்டும். எனக்கு அந்த அனுமதி வர ஆறு வாரம் ஆனது, ஒருமுறை திருப்பியும் அனுப்பினார்கள், ஒப்புதல் படிவத்தில் 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரி இல்லை என்று. விண்ணப்பத்தை முதல் நாளே தொடங்குங்கள். அனுமதிக்கு முன் சேகரித்த தகவலைப் பின்னால் சேர்த்துக்கொள்ள முடியாது.

8. எங்கே செலவு செய்ய வேண்டாம்

ஆர்வக் கோளாறில் ஒரு நாள் மாலை ஓர் ஆய்வகத்தில் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒரு எண் வந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. கார்ட்டிசால் நாள் முழுக்க ஏறி இறங்குவது. கண்விழித்து 30 முதல் 45 நிமிடத்தில் உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரியாத ஒற்றை எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஊசியைப் பார்த்த பதற்றம், இரவுப் பணி, ஸ்டீராய்டு மருந்து, கருத்தடை மாத்திரை எல்லாமே அதை மாற்றும். ஆய்வாளர்கள் ஒரே ஆளிடம் பல நாள், பல நேரங்களில் உமிழ்நீர் எடுப்பது இதனால்தான். மருத்துவர் சொல்லாமல் இந்தச் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பும் வேண்டாம், பழைய கோட்பாடுகள் பழைய பதிப்பிலும் அப்படியேதான் இருக்கும். புதிய ஆய்வுகளுக்கு நூலகத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். நான் மூன்று பேருக்குப் போட்டேன், இருவர் ஒரு வாரத்துக்குள் அனுப்பினார்கள். ஜேம்ஸின் கட்டுரை காப்புரிமைக் காலம் முடிந்தது, இலவசமாகவே கிடைக்கும்.

9. இந்தச் சோதனைகளை எழுதும்போது ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்

ஷாக்டர்-சிங்கர்: ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு அட்ரினலின் இல்லாத போலி ஊசியும் போட்டார்கள். அந்தப் போலி ஊசி பெற்றவர்கள் மற்ற குழுக்களுக்கு இடையில் நின்றார்கள், தகவல் சொல்லப்படாத குழுவிலிருந்து அவர்கள் தெளிவாக வேறுபடவில்லை. 1979இல் இதேபோல் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை, காரணம் தெரியாத கிளர்ச்சி பெரும்பாலும் விரும்பத்தகாத உணர்வாகவே வந்தது.

பேனாவைப் பல்லில் கடித்துச் சிரிப்புத் தசைகளை இயக்கினால் கேலிச்சித்திரங்கள் அதிக வேடிக்கையாகத் தோன்றும் என்ற 1988 சோதனை: 2016இல் 17 ஆய்வகங்கள் சேர்ந்து செய்தபோது அந்த விளைவு தெரியவில்லை.

யெர்க்ஸ்-டாட்சன் விதி (கிளர்ச்சி மிதமாக இருக்கும்போதுதான் செயல்திறன் உச்சத்தில் இருக்கும் என்று புத்தகங்களில் வருவது): 1908இல் செய்தது சுண்டெலிகளில், அளந்தது மின்னதிர்ச்சியின் வலிமையையும் பழக்கம் கற்கும் வேகத்தையும். கவிழ்த்த 'யு' வடிவம் கடினமான பணியில்தான் வந்தது. 'கொஞ்சம் ஸ்ட்ரெஸ் நல்லது என்று நிரூபித்தார்கள்' என்று எழுதினால் அது தவறு.

வயிற்றுப்புண்: செல்யேயின் எலிகளைக் காட்டி மனிதரின் எல்லாப் புண்ணுக்கும் அழுத்தமே காரணம் என்று எழுதாதீர்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் பங்கைக் கண்டுபிடித்ததற்காக மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

10. எட்டு வாரக் கணக்கு

முதல் வாரம் சொற்கள், நிகழ்வுத் தாள், அனுமதி விண்ணப்பம். இரண்டாவது, மூன்றாவது வாரம் உணர்ச்சிக் கோட்பாடுகள், இங்கே அவசரப்படாதீர்கள். நான்காவது வாரம் மூளையும் எக்மன்-பேரட் வாதமும். ஐந்தாவது வாரம் இரண்டு பாதைகள் மட்டும், தினமும் ஒருமுறை பார்க்காமல் வரையுங்கள். ஆறாவது வாரம் அழுத்தக் கோட்பாடுகள். ஏழாவது வாரம் ஒன்பதாம் படியில் சொன்னவை, அத்துடன் செய்முறை இருந்தால் கணக்கு போடுவது. நான்கு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் நான்காவது வாரத்தின் வேலையை ஒரு நாளில் முடித்துவிட்டு, மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் காப்பாற்றுங்கள்.

எட்டாவது வாரம் புத்தகம் வேண்டாம். இந்தப் பாடம் தெரியாத ஒருவரை எதிரே உட்கார வைத்து உங்கள் நிகழ்வைச் சொல்லி, ஒவ்வொரு நொடிக்கும் யார் என்ன சொல்வார் என்று விளக்குங்கள். நான் என் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இதுல யார் சொல்றதுதான் சரி?" என்றாள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதற்குத்தான் இத்தனை வாரமும் தயாரானோம். நான் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து விரலால் காட்டினேன்: கால் காற்றில் இருந்த அந்தக் கணத்துக்கு எதிரே லெடூ, அடிவயிறு இறங்கியதற்கு எதிரே ஜேம்ஸ், 'விழுந்திருப்பேனே' என்பதற்கு எதிரே லசாரஸ், நாற்காலியில் சொன்ன பெயருக்கு எதிரே ஷாக்டரும் பேரட்டும். பிறகு அவளே கேனனின் பெயரைத் தொட்டு, "இவரை எங்கே போடுவே?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது.